எட்டு டம்ளர்

பாத்திரம் கழுவும் மெஷினில் போட்ட டம்ளர்களெல்லாம் பனி படிந்ததுபோல் வெளுத்து வரவே, தனியாக இருந்த டீச்சரம்மா மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "நாலு வருஷமா பொடி போடறேன், பட்டனைத் தட்டறேன். இன்னும் என்ன சீராட்டணும் இந்த மெஷினை?" என்று வாசலிலேயே பொரிந்து தள்ளினாள்.

மெக்கானிக் மெஷினின் அடியிலிருந்த மூடியைத் திருகினான். "உப்பு துளிகூட இல்லையே டீச்சர். உங்க தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி, இது இல்லாம ஆகாது. இதுக்குன்னு தனி உப்பு இருக்கு, சமையல் உப்பைக் கொட்டிடாதீங்க." உப்பை நிரப்பி, கதவிலிருந்த குழியில் ரின்ஸ் எய்டு என்ற அலசு திரவமும் ஊற்றினான். "இதை ஊத்தினாதான் டம்ளர்ல தண்ணி திட்டுத் திட்டா நிக்காது. ஆமா, உள்ளே எட்டு டம்ளர் கிடக்கே, வீட்ல எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான். மெஷினை அரைகுறையா ஓட்டக் கூடாதாமே? அதான் அலமாரியில இருக்கிற ஏழையும் சேர்த்து வெச்சிடுவேன்."

அவன் ஒரு சுற்று ஓட்டினான். வெளுப்பு பாதிக்கு மேல் போயிருந்தது. டீச்சரம்மா டம்ளர்களை வெளியே எடுத்து, இரண்டில் டீ ஊற்றினாள்; இருவரும் குடித்ததும் அவன் கிளம்பினான்.

இரண்டையும் மெஷினுக்குள் வைத்தாள். நாலு வருஷத்தில் முதல்முறையாக அதற்குள் இரண்டு எச்சில் டம்ளர்கள். மற்ற ஆறையும் சேர்க்க அவளுக்கு மனசு வரவில்லை.