அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதணும்

1

இந்தக் கதை எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடுறேன். பயத்துலேருந்து. நாளைக்குக் காலையில வேலை அனுமதி ஆபீஸ்லேருந்து ஒரதைன்னு ஒரு அக்கா எங்க நூடுல்ஸ் கடைக்கு வர்றாங்க. அப்பா, அம்மா, நான் மூணு பேரையும் உக்காத்தி வெச்சுக் கேப்பாங்க. நான் என்ன சொல்றேனோ அதை வெச்சுத்தான் அப்பா இந்த நாட்டுல இருப்பாரா, அனுப்பிடுவாங்களான்னு தெரியும். எழுதிப் பார்த்தாலாவது என்ன சொல்றதுன்னு தெரியுமேன்னு எழுதுறேன். எல்லாரும் தூங்கிட்டாங்க. உங்ககிட்டதான் சொல்ல முடியும்.

முதல் வரி.

"யசோதோன் ஊரில் அழகான ஒரு" —

(வேணாம். ஸ்கூல் கட்டுரை மாதிரி இருக்கு.)

"என் அப்பா ஃப்ளோரின் ருமேனியாக்காரர், ஆனா என் அம்மா லம்துவனைக் கட்டிக்கிட்டதால" —

(இதுவும் வேணாம். கட்டிக்கிட்டதால ஒண்ணும் ஆகல.)

கல்யாணம் பண்ணினா இங்க தங்கலாம், அவ்வளவுதான். வேலை செய்யணும்னா தனி அனுமதி. அதுல எந்த முதலாளி, எந்த இடம், என்ன வேலைன்னு போட்டிருக்கும். அப்பாவோடதுல ஒரு தனியார் ஸ்கூல், இங்கிலீஷ் வாத்தியார்னு இருந்துச்சு. போன வருஷம் அந்த ஸ்கூலை மூடிட்டாங்க. அதோட அனுமதியும் போச்சு.

பொண்டாட்டி கடையில வேலை செய்யலாமேன்னு கேக்கப் போறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க, பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அதுக்குக் கடையைக் கம்பெனியா பதிவு பண்ணணும், மூலதனம் காட்டணும், ஊர்க்காரங்களைச் சம்பளத்துக்கு வைக்கணும். எங்க கடையில மொத்த ஆளே அம்மாதான். சரி, சம்பளம் வேணாம், சும்மா கூடமாட உதவி பண்றேன்னா? அதுவும் வேலைதானாம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒண்ணு: கடைக் கிண்ணத்தை அப்பா கழுவினா குத்தம். வீட்டுக் கிண்ணத்தைக் கழுவினா குத்தம் இல்ல. எங்க வீடும் கடையும் ஒரே கட்டடம். தொட்டியும் ஒண்ணுதான். நான் என்ன பண்ண?)

2

இப்ப நடந்ததுக்கு வர்றேன்.

போன வாரம் கோயில்ல பிக்குகளுக்கு அங்கி குடுக்கிற விழா. அன்னைக்கு ஊர்க்காரங்க வரிசையா பந்தல் போட்டு, வர்றவங்களுக்கெல்லாம் இலவசமா சாப்பாடு போடுவாங்க. புண்ணியத்துக்குத்தான். நாங்களும் போட்டோம். ஸ்கூல் மூடினதுக்கு அப்புறம் அப்பா ஊருக்கு முன்னாடி நிமிர்ந்து நின்னது அன்னைக்குத்தான். புண்ணியம் பண்ண யாரு அனுமதி கேப்பாங்க? பெரிய பிக்குவே வந்து பார்த்துச் சிரிச்சுட்டுப் போனாரு.

ஆனா அம்மா பந்தல் நெத்தியில கடை பேனரைக் கட்டிட்டாங்க. எங்க ஊர்ல எல்லாப் பந்தல்லயும் யாரோ ஒருத்தர் பேர் தொங்கும். அரிசி மில்லு, டயர் கடை, எல்லாரும். அதே மாதிரி 'லம்துவன் வாத்து நூடுல்ஸ்'. கீழ போன் நம்பர். அதுக்கும் கீழ, கடை பேர் போட்ட ஏப்ரனைக் கட்டிக்கிட்டு ஆறடி வெள்ளைக்காரர். அனுமதி இல்லாம கடை வேலை பார்க்கிறாருன்னு யாரோ போட்டோ எடுத்துப் புகாரா அனுப்பிட்டாங்க.

புண்ணியத்துக்கு எதுக்கும்மா போன் நம்பர்னு கேட்டேன். "பின்ன, யார் பண்ணின புண்ணியம்னு தெரிய வேணாமா?"ன்னாங்க. இவங்களோட என்னத்தைப் பேசுறது.

3

ஒரதை அக்கா வெள்ளிக்கிழமையே ஒரு தடவை வந்தாங்க. (கெட்டவங்களா எழுதலாம்னு பார்த்தேன். வரல. அந்தப் பந்தல்ல வரிசையில நின்னு, கும்பிட்டு வாங்கி, ரெண்டு கிண்ணம் சாப்பிட்டவங்க அவங்க.) அம்மா அதைச் சொல்லிக் காட்டினாங்க. சாப்பிட்டதும் உண்மை, புகார் வந்ததும் உண்மைன்னு அக்கா சொல்லிட்டாங்க. பந்தல் விஷயத்தைப் பத்தி பெரிய பிக்கு ஏற்கெனவே பேசிட்டாராம், அதை விட்டுடலாமாம். அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"தங்கச்சி, நான் உங்க அப்பா கையைப் பார்த்தேன். ரெண்டு கையிலயும் நூடுல்ஸ் வடிகூடை, பக்கத்துல இருக்கிறவரோட பேசிக்கிட்டே உதறுறாரு. ஒரு நாள்ல வர்ற கை இல்ல அது. எங்க பழகினாருன்னு திங்கக்கிழமை நீ சொல்லு."

எங்க பழகினாரு? இங்கதான். அம்மாவுக்குத் தோள்பட்டை போயி எட்டு மாசமாச்சு. ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடி எலும்பு வேகவைக்கிறது, வாத்தை வெட்டுறது, எல்லாம் அப்பாதான். ஷட்டர் தூக்கினதும் ஏப்ரனைக் கழட்டிட்டு மூலை மேஜையில உக்காந்து, தான் வெச்ச குழம்பையே வாடிக்கைக்காரர் மாதிரி ஆர்டர் பண்ணிச் சாப்பிடுவாரு. கூட்டம் அதிகமானா உள்ளே வந்து அடுப்புகிட்ட நிப்பாரு. இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். ஸாரி.

4

இந்தக் கதையில பிரச்சனையே அப்பா கேரக்டர்தான். நிஜத்துல இருக்கிற மாதிரி எழுதினா நாடு கடத்திடுவாங்க. அதனால அம்மா ஒரு புது அப்பாவைப் பண்ணிக் குடுத்தாங்க. இன்னைக்குக் கடை மூடுற நேரத்துல எனக்கு ஒத்திகை.

"அவருக்கு முட்டை உடைக்கக்கூடத் தெரியாதுன்னு சொல்லு. உக்காந்த இடத்துலேருந்து அசைய மாட்டாரு, எதுக்கும் உதவாத மனுஷன்னு சொல்லு."

அப்பா பூண்டு உரிச்சுக்கிட்டே கேட்டாரு. சிரிச்சாரு. "போதாது, குடிப்பாருன்னும் சேர்த்துக்கோ"ன்னாரு. குடிக்கிறவரா இருந்தா நான் எதுக்குக் கட்டிக்கிட்டேன்னு கேப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க. அழகுக்குத்தான்னு அப்பா சொன்னாரு. மூணு பேரும் நல்லாத்தான் சிரிச்சோம்.

அப்புறம் அப்பா மேஜை துடைக்கத் துணியை எடுத்தாரு. ஷட்டர் பாதி தொறந்திருந்துச்சு. ரோட்டைப் பார்த்தாரு. துணியை மடிச்சு வெச்சுட்டு உக்காந்துட்டாரு. கை ரெண்டையும் எங்க வைக்கிறதுன்னு தெரியல அவருக்கு. தொடைக்குக் கீழ வெச்சுக்கிட்டாரு.

"அம்மா சொன்ன மாதிரியே சொல்லிடும்மா. எனக்கு வருத்தமே" —

(அவரே முடிக்கல. நான் எப்படி முடிக்கிறது?)

5

முடிவுகள்.

பொய் சொல்றேன். அக்கா நம்புறாங்க. அப்பா இங்கயே இருப்பாரு, எதுக்கும் உதவாத மனுஷனா. அதை அவர் முன்னாடியே என் வாயால சொல்லியாச்சு. அதுக்கப்புறம் அடுப்புகிட்டயும் வர முடியாது.

உண்மையைச் சொல்றேன். எங்க அப்பா மாதிரி குழம்பு இந்த ஜில்லாவுல யாரும் வைக்க முடியாதுன்னு சொல்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையா இருக்கும். அப்புறம் அபராதம், பிளேன்.

தெரியாதுன்னு சொல்றேன். ஒரே கட்டடம். யாரு நம்புவா?

ராத்திரியோட ராத்திரியா சட்டம் மாறிடுது. (எனக்கே சிரிப்பு வருது.)

இல்ல, நான் எழுத மாட்டேன். எழுதிட்டா நாளைக்கு என் வாய் அதையே ஒப்பிச்சுடும். அதனால நீங்க வந்து என் நாற்காலியில உக்காருங்க. இடது பக்கம் அம்மா, தோளைப் பிடிச்சுக்கிட்டு. வலது பக்கம் அப்பா, உங்க மூஞ்சியைப் பார்க்காம. எதிர்ல ஒரதை அக்கா, அவசரமே இல்லாம, நிஜமாவே அன்பா கேக்குறாங்க:

"பயப்படாத தங்கச்சி. உங்க அப்பாவுக்கு என்னதான் தெரியும்?"

சொல்லுங்க. அப்பா கேட்டுக்கிட்டு இருக்காரு.