நூற்றிரண்டு சென்டிமீட்டர்

நர்ஸ் பரிமளாவைக் கண்டாலே வெற்றிச்செல்விக்கு ஆகாது. பிள்ளைத்தாச்சிகளை பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டு அவள் கமிஷன் அடிக்கிறாள் என்று பக்கத்து வீட்டு அம்சவள்ளி சொன்னது மனசில் தைத்துக் கிடந்தது. வெற்றிச்செல்விக்கு ஒன்பதாம் மாதம் முடியும் நேரம். செந்துறைப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அவளைப் படுக்க வைத்து, பரிமளா வயிற்றின் உயரத்தை டேப்பால் அளந்தாள். பிறகு தொப்புளோடு சேர்த்துச் சுற்றி அளந்தாள்.

"உயரம் முப்பத்தேழு, சுத்தளவு நூறு. பெருக்கினா புள்ளையோட எடை மூவாயிரத்து எழுநூறு கிராம். தோராயந்தான். ஆனா புள்ள பெருசு. சுகர் பாக்கணும், நாளைக்கே அரியலூர் போயிடு."

"பெரம்பலூர் ஸ்கேன்ல ரெண்டு கிலோ எண்ணூறுன்னுதான் போட்டிருக்கு. மெஷினு பொய் சொல்லுமாங்க?"

"அது எடுத்து ஒரு மாசம் ஆச்சேம்மா."

பதிலைத் தயாராக வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள் வெற்றிச்செல்வி. பத்து வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள் அவள். பரிமளாவின் டேப் நைந்திருந்தது கண்ணில் பட்டுவிட்டது. பையிலிருந்த தன் புது டேப்பை எடுத்து, இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினாள். பழையதின் நூறு, புதியதின் நூற்றிரண்டுக்கு நேராக நின்றது.

"பாத்தீங்களா? இழுபட்டுப்போன டேப்பு!"

பரிமளா கோபப்படவில்லை. "சரி, உன்னோடதாலயே அளப்போம்."

உயரம் முப்பத்தெட்டு. சுற்றளவு நூற்றிரண்டு. செல்போனில் பெருக்கினாள் வெற்றிச்செல்வி. மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு! இழுபட்ட டேப் அளவைக் குறைத்துத்தான் காட்டும். தையல்காரிக்கு இதுகூடத் தோன்றவில்லையே என்று முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை.

"அரியலூர்ல எந்த ஆஸ்பத்திரிங்க?"

"கவர்மெண்ட்டுதான். பின்ன எங்க?"

மறுநாள் கணவன் விக்கியோடு பஸ் ஏறினாள். சுகர் அதிகம் என்று அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். நான்காம் நாள் பிரசவம். தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டது. பெரிய பிள்ளை என்று முன்பே தெரிந்ததால் டாக்டரும் இரண்டு நர்சுகளும் தயாராக நின்றார்கள். அவள் முட்டியை மடக்கி, அடிவயிற்றை அழுத்தி, பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. மூன்று கிலோ எண்ணூறு.

வீட்டுக்கு வந்த மறுநாள் பரிமளா பார்க்க வந்தாள்.

"உங்கள என்னென்னமோ நெனச்சிட்டேங்க," என்றாள் வெற்றிச்செல்வி, தலை நிமிராமல்.

"அன்னைக்கு நீ பாத்த பார்வையிலயே தெரிஞ்சிச்சு," பரிமளா குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அத விடு. பால் ஒழுங்கா குடிக்குறாளா?"