செவுளின் நிறம்

ஜெகதீஸ்வரனுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதது கிடையாது என்று அந்த அடுக்ககத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பாதிப் பேருக்கு அவனைத் தெரியாது, அவ்வளவுதான். செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் மூன்றாவது மாடியில் அவன் வீடு. கூடத்தில் மற்றவர்கள் டிவி வைக்கிற இடத்தில் அவன் மூன்றடி நீளத்துக்கு மீன்தொட்டி வைத்திருந்தான். பேகம்பேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஊரார் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். மாலையில் வீடு திரும்பினால் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவான். சோதனைக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுவிட்டு, நிறம் மாறுகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். கரூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவி வேதாவுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

குழந்தை சாஹித்யா பிறந்தபின் வேதாவுக்குப் பால் சீக்கிரமே வற்றிப்போனது. மருத்துவமனையில் சொன்னபடி பால்மாவு டப்பா வாங்கி வந்தார்கள். அதை எந்தத் தண்ணீரில் கலப்பது என்ற கேள்வி வந்தபோது, சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே, இதில் கேள்வி என்ன இருக்கிறது என்று வேதா நினைத்தாள். ஜெகதீஸ்வரன் விடவில்லை.

"ஆர்.ஓ. தண்ணி செத்த தண்ணி வேதா. வெறும் ஆர்.ஓ. தண்ணியில ஒரு மீன விட்டுப் பாரு, தாங்காது. இருக்கற உப்பு, சத்து எல்லாத்தையும் வடிச்சுட்டுத்தான் வெளிய விடுது. மீனுக்கே ஆகாதது பச்சக் கொழந்தைக்கு ஆகுமா? கொழாத் தண்ணியப் புடிச்சு நல்லாக் கொதிக்க வெச்சுக் குடு."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாங்களா?"

"தண்ணியப் பத்தி டாக்டருக்கு என்ன தெரியும்?"

வேதா அவன் சொல்லை ஏற்றுக்கொண்டாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. நல்லாக் கொதிக்க வை என்றால், எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைப்பாள். ஆறவிட்டுத் தட்டுப்போட்டு மூடி, வடிகட்டி, அதற்குப் பிறகுதான் பால்மாவு. அந்த வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் ஆர்.ஓ. தண்ணீர் குடித்தார்கள். குழந்தை மட்டும் குழாய்த் தண்ணீர் குடித்தது.

மீன்கள் சாக ஆரம்பித்தது அந்தக் கோடையில்தான். மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர் வருவது குறைந்து, அடுக்ககத்தின் கீழ்த்தொட்டியை ஆழ்துளை போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் கப்பி, பிறகு மோலி, அதன்பின் தங்கமீன்களில் சிறியது. எல்லாம் ஒரே விதமாகத்தான் போயின. மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும், பக்கவாட்டில் சாயும், காலையில் பார்த்தால் கண்ணாடியோரம் ஒதுங்கிக் கிடக்கும்.

ஜெகதீஸ்வரன் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்தான். வெளிறி இருக்க வேண்டிய தண்ணீர் ஊதாவாக மாறியிருந்தது. நைட்ரைட். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது, அதுதான் வினை. ஃபில்டரில் இருக்கிற பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன, மீன் கழிக்கிற நஞ்சைத் தின்று அவைதான் தண்ணீரைக் காப்பாற்றுகின்றன, அவை செத்தால் நஞ்சு பாதி வழியில் நைட்ரைட்டாக நின்றுவிடும். ஆகவே குற்றவாளி ஃபில்டர். வேதா குழந்தையை மடியில் போட்டுப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அவளிடமே குழாயைக் காட்டி விளக்கினான்.

"பம்பு ஓடுது, காத்து இருக்கு, ஆனா மீனு மூச்சு முட்டுது பாத்தியா? இது ரத்தத்துல கலந்தா ரத்தம் பழுப்பாயிரும். அப்புறம் அது காத்தச் சுமக்காது. செவுளத் தூக்கிப் பாத்தா செவப்பா இருக்காது, பாக்குக் கறையாட்டம் இருக்கும்."

"கொழந்த பால் குடிக்கறப்ப சாவுப் பேச்சு எதுக்குங்க?" என்றாள் வேதா. அவன் சிரித்துக்கொண்டே குழாயைக் கழுவப் போனான்.

பஞ்சை மாற்றினான். ஃபில்டரையே மாற்றினான். கடைக்காரர் சொன்ன கிருமித் திரவத்தை வாங்கி ஊற்றினான். ஒவ்வொரு மீன் சாகும்போதும் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுக் குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து, குளோரினை முறிக்கிற மருந்தும் கலந்து நிரப்பினான். தண்ணீர் மாற்றிய மறுநாள் இன்னொன்று சாகும். அடுத்தவன் நிரலில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அரை மணி நேரத்தில் மோப்பம் பிடித்திருப்பான். சொந்த வீட்டில் எய்தவன் இருக்க அம்பை நொந்துகொண்டிருந்தான்.

எதிர்வீட்டு சகுந்தலா ஆன்ட்டிக்கு இந்தச் சாவுகளில் கவலையே இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாதுக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். கணவர் லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செத்த மீனைக் காகிதத்தில் சுருட்டி ஜெகதீஸ்வரன் கீழே எடுத்துப் போவதைப் பார்த்தால் ஆன்ட்டியின் முகம் மலரும்.

"இன்னொண்ணு போச்சா தம்பி? ஹவ், ஹவ், நல்லதுதான். வேதா, கைக்கு? எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? கவலை நக்கோ, வேணாம். கொழந்த மேல விழ இருந்த கண்ணு, மீனு மேல எறங்கிப்போச்சு. தொட்டிய மட்டும் காலியா விடாதீங்க. போனா போனதுக்கு ஒண்ணு வாங்கி விட்டுட்டே இருக்கணும்."

வேதா இதை நம்பினாளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள். ஆனால் ஒவ்வொரு மீன் செத்தபோதும் குழந்தையின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். ஒரு பாரம் குறைந்தது போல அவளுக்கு இருந்தது. ஜெகதீஸ்வரனும் போனா போனதுக்கு ஒன்று வாங்கி விட்டான். புதிதாக வந்தவையும் நிலைக்கவில்லை.

குழந்தையின் நிறம் மாறிக்கொண்டிருந்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். பிறந்தபோது ரோஜா நிறத்தில் இருந்தவள் மூன்று மாதம் ஆவதற்குள் மங்கிப்போனாள். வேதாவின் அக்கா கிரிஜா வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள்.

"நெறம் எறங்குது வேதா! மூணு மாசத்துல சொந்த நெறம் வந்துரும்னு அப்பவே சொன்னனே. மாப்ளயாட்டமேதான் வரப்போறா. இப்பவே நக சேக்க ஆரம்பிங்க."

ஜெகதீஸ்வரன் கறுப்புதான். பாதி வருத்தமும் பாதிப் பெருமையுமாக அவனும் சேர்ந்து சிரித்தான். வேதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"கறுப்புன்னா இருந்துட்டுப் போகுதுக்கா. இது கறுப்பு மாதிரித் தெரியல. ஒதடு நாவப்பழம் தின்னாப்புல இருக்குது. நகக்கண்ணும் அப்படித்தான்."

"ஃபோன்ல எல்லாம் அப்படித்தான் தெரியும். கொழந்த அழுவுதா? பால் குடிக்குதா? அப்பறம் என்ன?"

அழவில்லை என்பதுதான் உண்மை. சாஹித்யா அழுவதே குறைந்துபோயிருந்தது. போட்ட இடத்தில் கிடப்பாள், எப்போது பார்த்தாலும் தூங்குவாள். இப்படி ஒரு சமத்துக் குழந்தை எந்த ஜென்மத்துப் புண்ணியமோ என்று சகுந்தலா ஆன்ட்டி வியந்தார். தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம் என்று ஜெகதீஸ்வரன் சொன்னான். கூடத்து விளக்கு சரியில்லை, வேறு வாங்கி மாட்ட வேண்டும் என்றும் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியில் மிஞ்சியிருந்த ஒரே மீன், பெரிய ஆரஞ்சு நிறத் தங்கமீன், மேலே வந்து வாயைப் பிளந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து வாங்கியது அது. இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஜெகதீஸ்வரனுக்கு வெறியே வந்துவிட்டது. ஃபில்டர்தானே சதி செய்கிறது? ஃபில்டரே இல்லாத இடத்துக்கு மாற்றிவிட்டால்? புது பக்கெட்டில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் முறிக்கும் மருந்தை ஊற்றி, காற்றுக் குழாயைப் போட்டு, மீனை வலையில் ஏந்தி மெதுவாக அதில் விட்டான்.

மீன் தெளியவில்லை. ஒரு சுற்று சுற்றியது, மேலே வந்து இன்னும் அகலமாக வாயைப் பிளந்தது, அப்படியே சாய்ந்தது.

அவன் பக்கெட் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சொட்டுவிட்டான். ஊதா. இதில் ஃபில்டர் இல்லை, மணல் இல்லை, மீன் விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கெட்டில் சோப்பு ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கண்ணாடிக் குழாயை ஆர்.ஓ. தண்ணீரில் கழுவினான். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து நேராகப் பிடித்தான். சொட்டுவிட்டு ஆட்டினான்.

ஊதா.

அடுப்புப் பக்கத்தில் தட்டுப்போட்டு மூடிய எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. தட்டைத் தூக்கினான். வேதா விடியலில் காய்ச்சி, பாதியாகச் சுண்டவைத்து ஆறவிட்ட தண்ணீர், தெளிவாக, ஒரு தூசி இல்லாமல் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்தான். சொட்டுவிட்ட மாத்திரத்தில் அது ஊதாவையும் தாண்டி, கறுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும். அதில் கரைந்த நஞ்சு எங்கும் போகாது, சுண்டச் சுண்டச் செறியும். இது அவனுக்குத் தெரியாததா? தொட்டியில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன்தானே?

பக்கெட்டில் மீன் அசையாமல் மிதந்தது. வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்ல, அதைக் கையில் எடுத்துச் செவுளைத் தூக்கினான். சிவப்பாக இல்லை. பாக்குக் கறை.

படுக்கையறையிலிருந்து வேதா குழந்தையைக் கொஞ்சும் குரல் கேட்டது. "குடிச்சிரு தங்கம். இன்னும் கொஞ்சந்தான்."

"வேதா! குடுக்காத! நிறுத்து!"

அவன் ஓடிப்போய்ப் பால் புட்டியைப் பிடுங்கியபோது அதில் கால்வாசிதான் மிச்சமிருந்தது. வேதா திகைத்துப் போய்ப் பார்த்தாள். அவன் குழந்தையை வாரியெடுத்து பால்கனி வெயிலுக்குக் கொண்டுபோனான். அங்கே விளக்கின் மேல் பழிபோட வழியில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. கீழுதட்டை விரலால் மெல்லப் புரட்டினான். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பழுப்பாக இருந்தது. சாஹித்யா அழவில்லை. மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது, வேகவேகமாக, வாயை லேசாகப் பிளந்தபடி. இத்தனை பயத்தை அவன் வாழ்க்கையில் அறிந்ததில்லை.

தார்நாகாவில் இருந்த மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவன்தான் பேசினான். தண்ணீரில் நைட்ரைட், பக்கத்தில் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டினார்களே, சாக்கடைக் குழாய் உடைந்து போரில் கசிந்திருக்கும், கீழ்த்தொட்டி முழுக்க அதுதான். வேதா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு படுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

குழந்தைகள் டாக்டர் ஸ்டெல்லா, அவர்கள் பேசுவதைக் கேட்டுத் தாமும் தமிழுக்கு மாறினார். ஊசியில் இழுத்த ரத்தம் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. டாக்டரின் முகம் மாறியது. ஜெகதீஸ்வரன் முந்திக்கொண்டு போர் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிப் பால்மாவு கலந்ததையும் அதில் இருந்த நைட்ரைட்டையும் சொன்னான், ஊதா நிறத்துச் சோதனைக் குழாயை ஃபோனில் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினான். டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"வெரி குட். நீங்க மட்டும் இதச் சொல்லலைன்னா நாங்க இதயத்துல கோளாறான்னு தேடிட்டு இருந்திருப்போம். உங்க பொண்ணுக்கு அந்த டைம் இல்ல."

நரம்பில் நீல மருந்து ஏறியது. மீனுக்குப் பூஞ்சை வந்தால் தொட்டியில் ஊற்றுகிற அதே மருந்துதான் என்று அதன் பெயரைக் கேட்டதும் அவனுக்குத் தெரிந்தது. இந்த முறை வாயை மூடிக்கொண்டான். ஒரு மணி நேரம் போவதற்குள் சாஹித்யாவின் உதட்டில் நிறம் திரும்ப ஆரம்பித்தது. பிறகு வீறிட்டு அழுதாள். வாரக்கணக்கில் கேட்காத அழுகை. சுவரில் தலையைச் சாய்த்து ஜெகதீஸ்வரனும் அழுதான்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வேதாவின் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல ஆர்.ஓ. இல்லையாம்மா?"

"இருக்குதுங்க டாக்டர்."

"இருக்குதா? இருந்தும் கொழந்தைக்கு மட்டும் கொழாத் தண்ணியா? அதுவும் சுண்டக் காச்சி? காச்சினா கிருமி சாகும், இது போகாது. இன்னும் ஜாஸ்தியாத்தான் ஆகும். ஒதடு நீலமா இருக்கறது பெத்தவ உங்க கண்ணுல படலையா? படிச்சவங்கதான? யாரும்மா இப்படிச் செய்யச் சொன்னது? யூட்யூபா?"

வேதா நிமிர்ந்து ஜெகதீஸ்வரனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அவன் சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவனும் சொல்லத்தான் நினைத்தான். டாக்டர் சொன்ன வெரி குட் இன்னும் காதில் இருந்தது. நான்தான் என்ற ஒரு சொல்லுக்கு நாக்கு எழவில்லை. கட்டிலுக்கு மேலே இருந்த திரையில் எண்கள் ஏறுவதைப் பார்ப்பவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தப்புதாங்க டாக்டர்," என்றாள் வேதா. "இனிமே பாத்துக்கறேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தாள். இத்தனை நேரம் நின்றுகொண்டே இருந்த வேதாவைக் கொஞ்சம் உட்கார விடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்த முகத்தோடு குழந்தையை ஜெகதீஸ்வரன் பக்கம் நீட்டினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் ஏந்தினான்.

"வேண்டாங்க," என்று வேதா நடுவில் வந்தாள். நர்ஸிடம்தான் சொன்னாள், அவனைப் பார்க்கவில்லை. "எங்கிட்டயே குடுங்க."