ஏழும் தலை தூக்கின

வாரண்டி அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். புள்ளி நாய் வளர்த்துக் குட்டி கொடுப்பவள். கண்ணுக்கும் காதுக்கும் இடுப்புக்கும் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுப்பாள். ஒரு வருடத்துக்குள் பிறவிக் குறை எதுவும் தெரிந்தால் குட்டியை மாற்றிக்கொள்ளலாம். பத்து வருடமாக ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லை. பெட்டை நாய் கடைசியாக ஈன்ற ஏழு குட்டிகளும் ஏழு வீட்டுக்குப் போயாயிற்று. அதற்கு அடுத்த பருவத்திலும் அதே ஆண் நாயோடுதான் ஜோடி என்று பேசி முடித்து, நாலு பேர் இப்போதே குட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

முதல் தாள் திங்கள்கிழமை காலை வந்தது. கூடவே, துணிப்பையில் குட்டியோடு தையல்காரியும்.

“அக்கா, இதுக்குக் காது கேக்கலை.”

“காது கேக்கலையா, உன் பேச்சைக் கேக்கலையா?”

“என் பேச்சை எங்க வீட்டுல யாரு கேக்குறாங்க? கத்திரிக்கோல் தலைமாட்டுல விழுந்துச்சு. அசையலை.”

“மெஷின் ஓட்டினா எழுந்துக்குதுன்னு நீதானே போன்ல சொன்னே?”

“அது தரை அதிருறதுல எழுந்துக்குது. நானும் ரெண்டு வாரம் ஏமாந்துட்டேன்.”

அக்கா நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்த இனத்துல செவிடு ரத்தத்துலயே வரும். இதுக்கு ஒரு கண்ணு வேற நீலம். நீலக்கண்ணுல ஆபத்து அதிகம்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் ரெண்டு தடவை சோதிச்சேன். ஏழும் தூங்குச்சு. பின்னாடி நின்னு தட்டைத் தட்டினேன். ஏழும் தலை தூக்குச்சு. எண்ணிப் பாத்தேன்.”

வாசல் பக்கம் பெட்டை நாய்க்கு நகம் வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர் நிமிராமலே கேட்டார்.

“எண்ணினது சரி. எப்படித் தூங்குச்சுங்க?”

“குட்டிங்க எப்படித் தூங்கும்? ஒண்ணு மேல ஒண்ணா.”

“அப்போ எது கடைசியாத் தலை தூக்குச்சு?”

அக்கா உள்ளே போய்ப் பழைய மெத்தையை எடுத்து வந்து விரித்தாள்.

“படுக்க வை. தனியா.”

பால் குடித்த குட்டி கால் மணி நேரத்தில் தூங்கிப்போனது. காற்றுப் படாமல், தரை அதிராமல், அக்கா நாலடி தள்ளி நின்று எவர்சில்வர் தட்டை உயரத் தூக்கிக் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். தையல்காரி துள்ளிவிட்டாள். வாசலில் பெட்டை குரைத்தது. குட்டி கனவில் காலை மட்டும் இரண்டு தடவை உதைத்தது. மறுபடி தட்டினாள். அதே தூக்கம்.

குனிந்து மெத்தை ஓரத்தை ஒரு விரலால் அழுத்தினாள். குட்டி உடனே எழுந்து வாலை ஆட்டியது.

“ஆறு பேரு சேந்து இதை இடிச்சு எழுப்பியிருக்காங்க,” என்றாள் அக்கா. “நான் அதைக் காதுன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“அந்த நாலு பேருக்கு என்ன சொல்றது?” என்றார் வீட்டுக்காரர்.

“குட்டி இல்லைன்னு சொல்லுங்க. இந்தப் பெட்டைக்கு இனிமே ஜோடி கிடையாது. அந்த ஆண் நாய்க்காரருக்கும் சொல்லிடுங்க, அவர் நாய் பக்கமும் இது இருக்கலாம்.”

“பத்து வருஷப் பேரு.”

“பேரைக் காப்பாத்தத்தான் சொல்றேன். இதை மூடி வெச்சா அடுத்த ஈத்துல இன்னும் ரெண்டு செவிடு பொறக்கும்.” தையல்காரி பக்கம் திரும்பினாள். “தாளைக் கொடும்மா. வேற நல்ல குட்டியா நானே தேடித் தர்றேன். இது என்கூட இருக்கட்டும்.”

தையல்காரி குட்டியைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“மாத்தவா வந்தேன்? நான் மெஷினை மிதிச்சா எங்கிருந்தாலும் ஓடி வந்து காலடியில உக்காந்துக்குது. மத்த ஆறு வீட்டுக்கும் தெரியணுமேன்னுதான் வந்தேன்.”

“ஊருக்கே தைக்கிறவ, உன் வாயை மட்டும் தைக்கலை. நல்லதாப் போச்சு.” அக்கா குட்டியை வாங்கிப் பையில் படுக்க வைத்தாள். “வெளியில வார் இல்லாம விடாதே, வண்டிச் சத்தம் தெரியாது. தூங்கும்போது சட்டுன்னு தொடாதே, பயந்து கடிச்சிடும். படுக்கையைத் தட்டி எழுப்பு.”

அப்புறம் பதிவு நோட்டைத் திறந்து, முதல் எண்ணைப் பார்த்துப் போன் போட்டாள்.

“நான்தான், வாரண்டி அக்கா. குட்டி தூங்குதா? பக்கத்துல யாரும் இல்லையே? ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துக்கோங்க... காரணம் அப்புறம் சொல்றேன். தள்ளி நின்னு தட்டுங்க.”

அந்தப் பக்கம் தட்டு ஒலித்தது. ஒலி அடங்குமுன் கீச்சென்று ஒரு குரைப்பு.

அக்கா நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்கு விரலை நகர்த்தினாள்.