எனக்கு எட்டாத இடம்

“வலி கூடுற அன்னைக்கு, யாரையும் எதிர்பார்க்காம நீங்களே சமாளிச்சுப்பீங்கங்கற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவும்மா இருக்கு?” என்று கேட்டாள் வலி சிகிச்சைப் பிரிவின் நர்ஸ்.

“ரெண்டு,” என்றேன்.

பச்சைப் பொய். தோள்பட்டைகளுக்கு நடுவே வருடக்கணக்கில் குடியிருக்கும் இந்த வலி முழுதாகப் போகாது, அதோடுதான் குடித்தனம் என்று எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டேன். வலி ஏறுமுன் வேலையை நிறுத்துவது, சுடுநீர்ப் பை, மூச்சுப் பயிற்சி எல்லாம் அத்துப்படி. முதுகில் மருந்து பூச நீளக் குச்சி ஒன்றுகூட அவர்களே கொடுத்திருந்தார்கள். அதைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

காரணம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கும் கல்லுளிமங்கன். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வீட்டில் சுவர்க்கடிகாரம்தான் என்னுடன் அதிகம் பேசியது. அவர் என்னைத் தொடுவது சாயங்காலம் முதுகில் மருந்து தேய்க்கும்போது மட்டும்தான். அந்தக் கைக்காகக் காலையிலிருந்தே ஏங்குவேன். இந்த வயதில் வெளியே சொன்னால் வெட்கக்கேடு. நான் தேறிவிட்டால் அதுவும் போய்விடும்.

நர்ஸ் அவரை உள்ளே கூப்பிட்டாள். “வீட்ல எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்கா. நேத்துகூட ஜன்னலுக்குத் திரை மாட்டினா. பாதியில நிறுத்தி, ஓய்வெடுத்துட்டு, அப்புறம்தான் மீதி,” என்று பெருமையாகப் போட்டு உடைத்தார். அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பொய் சொல்ல வராது.

“அப்போ இவங்க தயார்!” நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். “இனிமே நீங்க தேய்ச்சுவிட வேண்டாம் சார். அவங்களே பார்த்துக்கட்டும்.”

பஸ்ஸில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆத்திரமும் அழுகையும் மாறி மாறி வந்தன.

சாயங்காலம் குச்சியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். அவர் வந்து, கட்டில் ஓரத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பழக்கதோஷம், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

“அதான் நானே பூசிக்கணும்னு சொல்லிட்டாங்களே,” என்றேன்.

தேய்ப்பதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து என்னிடமிருந்து குச்சியை வாங்கி, வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட் பாகத்தைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ரிப்பேரு,” என்றார். “சரிபண்ண ரொம்ப நாளாகும்.”

புத்தம்புதுக் குச்சி. ரிப்பேராக அதில் ஒன்றுமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. காது வரை சிவந்திருந்தார்.

கட்டில் ஓரத்தில் போய், அவருக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன்.