காஜாக்காரியின் கடவுள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைக்க வேண்டாம். எங்கள் சட்டைத் தையலகத்தில் என் மேஜைக்குப் பக்கத்து மெஷினில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள், மதியச் சாப்பாட்டுக்கு முன் மூன்று நிமிடம் கண்ணை மூடுவாள். திறக்கும்போது யாரோடோ ஆசை தீரப் பேசிவிட்டு வந்த முகமாக இருக்கும். நானும் இருபது வருடமாகக் கும்பிடுகிறேன். எனக்குக் கேட்டதெல்லாம் ஃபேன் சத்தம்தான்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'அவள் ஒரு வேஷக்காரி, அவளுடைய பக்தி வெறும்...'

(அடித்துவிட்டேன். வேஷமாக இருந்தால் எனக்கு ஏன் வயிறு எரிகிறது?)

ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அப்படி என்னதான்டி கேப்ப சாமிகிட்ட?"

"எனக்குன்னு ஒண்ணும் கேக்கறதில்லக்கா. உங்க முட்டிவலி, சூப்பர்வைசர் சார் பொண்ணோட பரீட்சை, இப்படி எதையாவது சொல்லிட்டிருப்பேன். அப்போ பக்கத்துல வந்து உக்காந்துக்கற மாதிரி இருக்கும்."

என் முட்டிவலியைச் சொல்லி அவள் கடவுளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்! வலி என்னுடையது. அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

3

இனி நடந்தது. ஆண்கள் சட்டைக்குக் காஜா இடது பக்கம், பெண்கள் சட்டைக்கு வலது பக்கம். துண்டுகளை அடுக்கி, எந்தப் பக்கம் என்று சீட்டு வைப்பது என் வேலை. நேற்று நாற்பது பெண்கள் சட்டைகளுக்கு 'இடது' என்று வைத்துவிட்டேன். சீட்டை நம்பி அவள் அத்தனையையும் வெட்டிவிட்டாள். வெட்டிய காஜாவை யாராலும் மூட முடியாது. சூப்பர்வைசர் கத்துவது கேட்டதும் நான் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

"யாரு பண்ண வேலை இது?"

"நான்தான் சார். சீட்டைச் சரியாப் பாக்கல போல."

மனசார அப்படித்தான் நம்பினாள். இன்று மாலையோடு அவளுக்கு இங்கே வேலை இல்லை.

4

முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொல்கிறேன். அவள் என்னைக் கட்டிக்கொள்கிறாள். கடவுள் என் பக்கத்திலும் வந்து உட்காருகிறார். (பேராசையைப் பாருங்கள். தப்பை ஒப்புக்கொள்ளவும் எனக்குக் கூலி வேண்டும்.)

முடிவு இரண்டு: நான் சொல்லவில்லை. அவள் வேறு தையலகத்துக்குப் போகிறாள். அங்கேயும் மதியம் கண்ணை மூடி எனக்காக...

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

5

மணி நாலரை. அவள் டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ளும் பேச்சை நாலு விதமாக எழுதிவிட்டேன். நாலும் நன்றாகவே வந்திருக்கின்றன. படித்தால் என்னை எவ்வளவு நல்லவள் என்பீர்கள். அதற்காகத்தான் எழுதினேன் என்று இப்போது தெரிகிறது. அதனால் ஒன்றைக்கூட உங்களுக்குக் காட்டப் போவதில்லை.

சூப்பர்வைசர் அறை பதினெட்டு தப்படி தூரம். அங்கே நாக்கு குழறும், சாக்குச் சொல்வேன், பாதியில் திரும்பினாலும் திரும்புவேன். பொறாமை இன்னும் அப்படியே இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

எழுந்துகொள்கிறேன். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதில் என்னை நல்லவளாக்கிவிடாதீர்கள்.