தொங்கிய படகும் செல்வசிங்கின் தோளும்

ஓமானின் சலாலாவில் கரீஃப் என்னும் பருவமழை தொடங்கிவிட்டால் மூன்று மாதம் கடல் யாரையும் உள்ளே விடாது. அதற்குள் வீசா தந்த முதலாளியான கஃபீல் சயீதின் பாய்மரப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் நிறுத்தியாக வேண்டும். படகைப் பார்த்துக்கொள்ளும் செல்வசிங்குக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இந்த வருஷம் வீசா புதுப்பிப்பீர்களா என்று கேட்டதற்கு, "முதலில் படகு மேலே வரட்டும்" என்று மட்டும் சொல்லியிருந்தார் கஃபீல். ஒரு கீறல் விழுந்தாலும் சொந்த ஊரான குளச்சலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கிரேனோ இர்ஷாத் கையில் இருந்தது. மேலப்பாளையத்துக்காரன். ஆற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத ஊர். அவனை எப்படி நம்புவது?

"எடே, படகத் தூக்குற பெல்ட்ட நல்லா இழுத்துப் பாத்தியாடே?"

"நாலு தடவ பாத்தாச்சு அண்ணாச்சி. நீரு தடவித் தடவியே அது தேஞ்சிரும்."

"ஒனக்கு எல்லாம் கேலிதான்."

கிரேன் உறுமியது. படகு நீர் சொட்டச் சொட்ட எழுந்தது. அடியில் நீண்டு தொங்கும் இரும்புப் பலகை முழுக்கச் சிப்பி. கரைத் தளத்துக்கு மேலே வந்தபோது காற்று பாய்மரத்தை அறைந்தது. படகின் முனை மெல்லத் திரும்பித் தளத்தோரச் சுவரை நோக்கிப் போயிற்று.

செல்வசிங் யோசிக்கவில்லை. குளச்சல் கரையில் வள்ளம் சரிந்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார். குனிந்து படகுக்கு அடியில் புகுந்து தோள் கொடுத்தார். வள்ளத்துக்குப் பத்துத் தோள் இருக்கும், கீழே மணலும் இருக்கும். இங்கே நாலு டன், இரண்டு பெல்ட்டில், தலைக்கு மேலே.

கிரேன் நின்றது.

"வேய், வெளிய வாரும். நீரு கீழ நின்னா நான் லீவரத் தொடமாட்டேன்," என்றான் இர்ஷாத்.

"விட்டா செவுத்துல இடிக்கும்டே. நீ எறக்கு."

"எங்க, உம்ம மேலயா?"

சுவருக்கும் படகுக்கும் ஒரு கை இடைவெளி. கார் பக்கத்தில் நின்ற கஃபீல், வெளியே வா என்று கையை ஆட்டினார். அவர் முகம் வெளிறியிருந்தது. படகுக்காகத்தான் வெளிறியிருக்கும் என்று நினைத்தார் செல்வசிங்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளை எடுத்தார். படகு அசையவே இல்லை. காற்று எப்போதோ நின்றுபோயிருந்தது.

இர்ஷாத் அதைத் தாங்கிகளின் மேல் சத்தமில்லாமல் இறக்கினான். கஃபீல் சுற்றிவந்து பார்த்தார். கீறல் இல்லை.

"வீசா?" செல்வசிங் கேட்டேவிட்டார்.

கஃபீல் கிரேன் பக்கம் திரும்பினார். மழை முடிந்து படகைக் கடலில் இறக்குகிற அன்றைக்கு இவனைக் கிட்டே விடாதே, நிழலில் உட்கார வை என்று இர்ஷாதிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

"அப்படின்னா என்னடே அர்த்தம்?"

"மழைக்குப் பெறவும் நீரு இங்கதான் இருப்பீருன்னு அர்த்தம். வீசா உண்டு, போவும்."

"உண்டுன்னு அவரு வாயால சொன்னாரா?"

"அதயெல்லாம் வாயால சொல்லுவாங்களா?"

"அப்ப இல்ல."

இர்ஷாத் தலையில் அடித்துக்கொண்டான். ஈரம் காய்ந்தால் சிப்பி பெயராது; செல்வசிங் சுரண்டியை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்.

"புது ரெசிடென்ட் கார்டு கையில வரட்டும்டே. பெறவு பாப்பம்."